ரத்தக்காட்டேரியாக ஆடும்போது கேமில் இருப்பவர்கள் பேச மறுத்தால் உங்களுக்கும் ஒரு மாதிரி ஆகிறதா?

கேள்வி, மார்ச் 2

கேமில் எப்போதும் அசுரன், பிணம், ஓநாய் மாதிரி பாத்திரம்தான் எடுப்பேன். ஊருக்குள் போனால் ஒன்று ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் அடிக்க வருகிறார்கள். வெறும் கணினி என்று தெரிந்தும் மனசு சுருங்கிப்போகிறது. எனக்கு மட்டும்தானா? நிஜ வாழ்க்கையில் ஒதுக்கப்பட்டவர்கள் படும் பாடு இதில் கொஞ்சமாவது தெரிய வாய்ப்பு இருக்கிறதா?

மார்ச் 2, இரவு

உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். அடிக்க வருவது வேறு, ஒதுக்குவது வேறு.

ஸ்கைரிம் (2011) ஆடியபோது எனக்கு ரத்தக்காட்டேரி நோய் தொற்றியது. ரத்தம் குடிக்காமல் நாட்களைத் தள்ளிக்கொண்டே போனால் நான்காம் நிலைக்கு வந்துவிடுவோம். அந்த நிலையில் ஊருக்குள் கால் வைத்தேன், நேற்றுவரை வழிவிட்டு நின்ற ஆட்களெல்லாம் வாளோடு ஓடி வந்தார்கள். எனக்கு வருத்தமே வரவில்லை. கை பரபரத்தது, ஓடினேன், கூரை மேல் ஏறினேன், சிரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஊரே நம் பின்னால் ஓடி வருகிறது என்றால் நாம் அந்த ஊருக்கு எவ்வளவு முக்கியம்!

அதே கம்பெனி அதற்கு முன் செய்த ஆப்லிவியனில் (2006) யாரும் ஓடி வரவில்லை. பேசவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 3, காலை

திருத்தம். ஸ்கைரிம் பற்றி நேற்று சொன்னது பழைய கணக்கு. 2012-இல் டான்கார்ட் விரிவாக்கம் வந்த பிறகு நான்காம் நிலையில் இருந்தாலும் ஊர்க்காரர்கள் தாக்குவதில்லை, ரத்தக்காட்டேரிப் பிரபுவின் முழு வடிவத்தை எடுத்தால்தான் தாக்குவார்கள். ஒரே இரவில் ஊர் மொத்தத்துக்கும் பெருந்தன்மை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த சில பேருக்கும் அப்படி ஓர் அப்டேட் வந்தால் தேவலை.

மார்ச் 3, இரவு

சரி, ஆப்லிவியன்.

ஏதோ ஒரு குகையில் கடிபட்டேன். திரையின் ஓரத்தில் நோய் தொற்றியதாக ஒரு வரி வந்து போனது, நான் கவனிக்கவில்லை. 3 நாள் கழித்துத் தூங்கி எழுந்தால் ரத்தக்காட்டேரி. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பலம் கூடியிருந்தது, இருட்டில் கண் தெரிந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த கேமில் பசி ஏற ஏற பலமும் ஏறும், கூடவே முகமும் கெடும். கன்னம் ஒட்டிப்போய், தோல் தொங்கி, என் இருபது வயது வீரன் நான்கே நாளில் கிழவனாகிவிட்டான். வெயிலில் நின்றால் உடம்பு எரிகிறது, அதனால் இரவில் மட்டும் நடமாட்டம்.

அந்த நேரத்தில் ஒருவருக்காக ஒரு பொருளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். நிஜத்தில் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று மணி நேர உழைப்பு. அவர் முன்னால் போய் நின்றேன், பேச மறுத்துவிட்டார். அவர் கேட்ட பொருள்தான் என் பையில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வதற்கான பேச்சே தொடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் போனேன், அவரும் அப்படியே. யாரும் கத்தவில்லை, காவலரைக் கூப்பிடவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் தரையைப் பெருக்கினார். நான் அந்த அறையின் நடுவில் பத்து நிமிடம் சும்மா நின்றேன். எதற்காக நின்றேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே கேமில் ஸ்கிங்க்ராட் என்று ஒரு நகரம், அதன் பிரபுவே ரத்தக்காட்டேரி. ஊருக்குத் தெரியாது. யாரையும் அதிகம் சந்திக்காமல் கோட்டைக்குள்ளேயே இருக்கிறார், எல்லோரும் மரியாதை வைத்திருக்கிறார்கள். கோட்டை இருந்தால் வெளியே வராததற்குப் பெயர் கம்பீரம். எனக்குக் கோட்டை இல்லை.

மார்ச் 4

“கணினிப் பாத்திரம் பேசாததற்கெல்லாம் மனசு நோகுமா, கொஞ்சம் ஓவர் இல்லையா” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓவர்தான், ஆனால் அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்று ஓர் உளவியலாளர். பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது பறக்கும் தட்டு ஒன்று அவர் பக்கமாக வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவருக்குத் திருப்பி எறிந்தார்கள், சில தடவை மூவருமாக ஆடினார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர், அதற்கே தன் மனசு எவ்வளவு குறுகிப்போனது என்று பார்த்து, பின்னாளில் அதைச் சோதனையாகவே மாற்றினார். சைபர்பால் என்று பெயர், 2000-த்தில் வெளியான ஆய்வு. திரையில் மூன்று உருவங்கள், ஒரு பந்து. முதலில் உங்களுக்கும் பந்து வரும், அப்புறம் வராது. அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களிலேயே ஆட்களுக்குத் தாங்கள் வேண்டாதவர், தங்கள் கையில் ஒன்றும் இல்லை, தாங்கள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்ற எண்ணம் ஏறிவிடுகிறது.

2004-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அதில் பாதிப் பேரிடம், எதிரே இருப்பது மனிதர்கள் இல்லை, வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்போதும் அதே வலி. ஆக, நாம் தலையால் அறிந்தது அடிவயிறு வரை போய்ச் சேருவதில்லை. நான் அந்த அறையில் பத்து நிமிடம் நின்றதற்கு எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே மருத்துவச் சான்றிதழ் இதுதான், கேலி செய்யாதீர்கள்.

இன்னொன்று. அந்தச் சோதனையில் யாரும் உங்களைத் திட்டுவதில்லை, பந்து மட்டும் வராது. முதல் குறிப்பில் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

மார்ச் 4, சற்று பிறகு

“அப்படியென்றால் அடிப்பது பரவாயில்லை என்கிறீர்களா?” இல்லை சாமி. கேமுக்குள் அடிப்பதைச் சொல்கிறேன்.

மார்ச் 7

ஓநாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெல்டா வரிசையில் ட்விலைட் பிரின்சஸ் (2006). அதில் நாயகன் ஒரு சின்ன கிராமத்துப் பையன். தொடக்கத்தில் ஆடு மேய்ப்பது, மீன் பிடிப்பது, குழந்தைகளுக்கு வாள் வீசிக் காட்டுவது என்று நிதானமாகப் போகும், எனக்கு அப்போது பொறுமையே இல்லை. எல்லோருக்கும் அவன் செல்லப்பிள்ளை. பிறகு ஓநாயாகிவிடுகிறான். ஓநாயாக அதே கிராமத்துக்கு இரவில் திரும்ப வேண்டும், பதுங்கிப் பதுங்கி. அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களே பார்த்ததும் பதறுகிறார்கள், ஒருவர் பருந்தை ஏவிவிடுகிறார். அந்தச் சலிப்பான தொடக்கம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. முதலில் ஆசை ஆசையாக வைத்திருந்து, அப்புறம் பறிக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஓநாய் என்றால் இந்த வலி வராது, இழப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. சைபர்பாலிலும் முதலில் உங்களுக்குப் பந்து வரும் என்பதை மறக்காதீர்கள்.

அக்கா மகன் வந்திருந்தபோது அதை ஆடக் கொடுத்தேன், அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பெரிய நகரத்துக்குள் ஓநாயாகப் போனான், சனங்கள் அலறி ஓடினார்கள், காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகம் வாடப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி, “மாமா, பூனை பேசுது!” என்றான். ஓநாயாக இருந்தால் விலங்குகளோடு பேசலாம், அது எனக்கும் தெரியும், ஆனால் நான் ஆடியபோது அதை ஒரு வசதியாகத்தான் பார்த்தேன், துப்புத் துலக்க. அவன் அடுத்த ஒரு மணி நேரம் மனிதர்கள் பக்கமே போகவில்லை. கதை நகரவில்லை, அவன் நாய்களையும் பூனைகளையும் தேடித் தேடிப் பேசிக்கொண்டிருந்தான். “திரும்ப மனுசனா மாறுடா” என்றால், “எதுக்கு?” என்கிறான்.

மார்ச் 8

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அக்கா மகனை ஞானி ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, அன்று மாலையே தோற்றுப்போன கோபத்தில் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தான்.

மார்ச் 11

தலைப்பைவிட்டு விலகிப் போகிறேன், ஆனால் சிரிப்புக்காக ஒன்று.

டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 (2017). அதில் எலும்புக்கூடாக ஆடலாம். முகத்தை மூடிக்கொண்டு திரிய வேண்டும், முகம் தெரிந்தால் கதை கந்தல். விஷம் குடித்தால் உடம்பு தேறும், வைத்திய மந்திரம் போட்டால் உயிர் போகும். அதாவது நல்லெண்ணத்தோடு யாராவது உதவ வந்தால் நாம் காலி. (இதை எழுதும்போதே எனக்குச் சில முகங்கள் நினைவுக்கு வருகின்றன.)

பத்து பன்னிரண்டு மணி நேரம் மிகக் கவனமாக முகத்தை மூடியே ஆடினேன். ஓரிடத்தில் ஒரு தலைக்கவசம் கிடைத்தது, பழையதைவிட எல்லா எண்ணும் கூட. உடனே மாட்டிக்கொண்டேன். அது முகம் திறந்த கவசம். வியாபாரிக்கு முன்னால் நின்றுகொண்டு மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முட்டாள்தனத்தால் அன்று அந்தப் பகுதியே கலவரமானது.

சேவ் செய்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஊர் என்னை ஏற்காததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மார்ச் 15

இது நான்கு நாளாக மண்டையைக் குடைகிறது. முதல் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் பதிலே சொல்லவில்லை. ஒதுக்கப்பட்டவர் படும் பாடு இதில் தெரியுமா?

எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ரத்தக்காட்டேரியை ஊர் ஒதுக்குகிறது, சரி. ஆனால் நான் நிஜமாகவே ராத்திரியில் வீடு புகுந்து தூங்குகிறவர்களின் ரத்தத்தைக் குடிக்கிறேனே! ஊர் பயப்படுவதில் என்ன தப்பு? நான் அந்த ஊரில் இருந்தாலும் கதவைத் தாழிடுவேன். இந்த கேம்களில் பெரும்பாலும் ஒதுக்குகிறவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நிஜத்தில் ஒதுக்கப்பட்டவர் யாரையும் கடித்ததில்லை. பிறப்பு, தோல், உடம்பு, பேச்சு, நோய் என்று எதையோ சொல்லித் தள்ளி வைக்கிறார்கள், தள்ளி வைத்த பிறகு காரணம் தேடுகிறார்கள். அதனால் அசுரனாக ஆடி ஒதுக்கலைப் புரிந்துகொண்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் புரிந்துகொண்டது தலைகீழாக இருக்கவும் கூடும். “ஏதாவது காரணம் இல்லாமலா ஒதுக்குவார்கள்” என்ற பழைய பாட்டு அங்கே மெய்யாகிவிடுகிறதே.

ஆர்க்கேனம் (2001) இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது. நீங்கள் அரை ராட்சசனாகப் பிறக்கிறீர்கள், ஒன்றும் செய்யவில்லை, பிறந்தீர்கள். எதிரே இருப்பவர் பார்த்த மாத்திரத்திலேயே உங்களைப் பற்றிய அபிப்பிராயம் ஒரு படி கீழே தொடங்குகிறது. அது பேச்சில் தெரியும், கடைக்காரர் சொல்லும் விலையில் தெரியும். தெரிந்தும் தெரியாததுமாக. யாரும் வாளை உருவவில்லை, நாலு காசு கூடக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதை எங்கே போய்ப் புகார் செய்வது?

ஆர்க்கேனத்தைச் செய்த டிரொய்க்கா கம்பெனிதான் 2004-இல் வேம்பயர்: பிளட்லைன்சும் செய்தது. அதில் நாஸ்பெராட்டு என்று ஒரு குலம், முகமே விகாரம். மனிதர் கண்ணில் பட்டாலே ரகசியம் உடைந்த கணக்கு, ஐந்து முறை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. எனவே நகரம் முழுக்கச் சாக்கடை வழியாகவே போக வேண்டும். முதல் தடவை ஆடுபவர்கள் அந்தக் குலத்தை எடுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் எடுத்தேன். அது முடிந்து இரண்டாம் தடவை அழகான குலம் ஒன்றில் ஆடியபோது என்னை நானே கவனித்தேன்: தெருவில் தாராளமாக நடக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் நான் சாக்கடை மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆளைப் பார்த்ததும் விரல் தானாகப் பதுங்கும் பொத்தானுக்குப் போகிறது. இரண்டு மூன்று இரவு அப்படியே ஓடியது.

இதற்கு ஏதாவது பெயர் உண்டா என்று கேட்காதீர்கள், ஓரளவு பக்கத்தில் ஒன்று உண்டு. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் எழுதியது, ப்ரோட்டியஸ் விளைவு என்பார்கள். அழகான உருவம் கொடுத்தால் ஆட்கள் எதிராளியிடம் கிட்டப் போய் நிற்கிறார்கள், உயரமான உருவம் கொடுத்தால் பேரத்தில் கறாராகிறார்கள். நமக்குக் கொடுத்த உடம்புக்கு ஏற்றபடி நாமே நடந்துகொள்கிறோம். சாக்கடை மூடி தேடுவதை அவர்கள் சோதிக்கவில்லை.

மார்ச் 15, நள்ளிரவு

“அப்படியென்றால் முதல் குறிப்பில் சொன்னதை வாபஸ் வாங்குகிறீர்களா?” வாபஸ் இல்லை. மேலே ஒன்று ஏற்றி வைக்கிறேன்.

மார்ச் 19

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமை ஆடியவர் ஒருவர், அதில் வரும் டெத் நைட் பாத்திரம் பற்றி எழுதச் சொன்னார். 2008 நவம்பரில் வந்த விரிவாக்கத்தில் சேர்ந்தது. செத்து எழுந்து, தீய அரசன் கையில் அடியாளாக இருந்து, பெரிய பாவமெல்லாம் செய்துவிட்டு மனம் திரும்பித் தன் சொந்தத் தலைநகரத்துக்கே வருகிறீர்கள். கோட்டை வரைக்கும் நடக்க வேண்டும். வழி நெடுக சனங்கள் அழுகிய பழத்தை எறிகிறார்கள், துப்புகிறார்கள். உங்கள் கையில் ஒரு கடிதம் இருக்கிறது, பெரிய மனிதர் ஒருவர் எழுதிக் கொடுத்த சிபாரிசு. அதை அரசன் படிக்கிறான். அவ்வளவுதான், ஏற்றுக்கொண்டாயிற்று. திரும்பி வரும்போது ஒரு பழம் பறக்காது.

எழுதியவர்கள் இதைக் கேலியாக நினைத்து எழுதினார்களா என்று தெரியவில்லை, எனக்குக் கேலியாகத்தான் படுகிறது. போகும்போது எறிந்த அந்தக் கைக்கு, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது. அரசன் தலையசைத்தான், கை இறங்கிவிட்டது.

அந்த கேமில் எதிர் அணி ஆள் தட்டச்சு செய்வது நமக்குப் புரியாத மொழியாகத்தான் வரும் என்பதும் நினைவுக்கு வருகிறது. எதிரணியில் ஒருவன் சிரித்து “லோல்” என்று அடித்தால் இந்தப் பக்கம் “கெக்” என்று தெரியும். சிரிக்கிறானா, திட்டுகிறானா, ஒன்றும் தெரியாது. பார்த்ததும் வெட்டிவிடுவோம்.

மார்ச் 22

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், நீளமாக வரும்.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே. இப்போது குறைவு, பத்தொன்பது வயதில் மிக அதிகம். அந்த வயதில் ஓர் ஆன்லைன் கேமில் ஒரு குழுவில் இருந்தேன் (எந்த கேம், எந்தக் குழு என்று கேட்க வேண்டாம்). என் பாத்திரம் ஒரு பெரிய ராட்சசன், பச்சைத் தோல், தொந்தி, ஒரு பல் வெளியே. எல்லோரும் எழுத்தில்தான் பேசிக்கொள்வோம். என் ராட்சசனுக்கு நான் ஒரு பேச்சு நடை வைத்திருந்தேன், பாதிப் பாதியாகப் பேசுவான்: “நான் பசி. நான் அடி. நீ ஓடாதே, நான் முன்னே.” குழுவில் எல்லோருக்கும் அவனை உயிர். அவன் வராத நாளில் “எங்கே நம்ம தொப்பை?” என்று கேட்பார்களாம். வேறு பாத்திரம் எடுத்தால்கூட விடமாட்டார்கள். கேமுக்குள் இருந்த ஊர்க்காரர்கள் அவனைக் கண்டால் முறைப்பார்கள், அது வேறு. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, என் பின்னால் இருபது பேர் இருந்தார்கள்.

பிறகு எல்லோரும் மைக்குக்கு மாறினார்கள். பெரிய சண்டைகளில் தட்டச்சு செய்ய நேரம் இல்லை, நியாயம்தான். என் வேலை முன்னால் நிற்பது, எனவே எப்போது பின்வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். “பின்னால்” என்ற சொல்லில் எனக்குப் “பி” வராது. ஒரு இரவு வரவில்லை. மூன்று விநாடி, நான்கு விநாடி, அந்த முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், எல்லோரும் செத்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். “பரவாயில்லை, விடு” என்றார்கள். அடுத்த வாரம் சொல்லும் வேலை வேறொருவருக்குப் போனது. அதுவும் நியாயம்தான். அதற்கு அடுத்து, நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் முடியும்வரை காத்திருக்காமல் வேறொருவர் பேசிவிடுவார். வேண்டுமென்றே இல்லை, அமைதியாக இருக்கிறதே என்று பேசுவார்கள். அப்புறம் ஒரு நாள் வழக்கமான நேரத்துக்குப் போனால் யாரும் இல்லை. நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். மைக்கில் பேசி முடிவானது, நான் அன்று இல்லை, எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

என் ராட்சசன் பாதிப் பாதியாகப் பேசியபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான். நிஜமாகவே பாதிப் பாதியாகப் பேசியவனுக்கு அந்தக் குழுவில் இடமில்லாமல் போனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய சிக்கல்.

ஆப்லிவியனில் அந்த அறையில் நின்றது இதற்குப் பிறகு. எனவே மார்ச் 3-இல் “எதற்காக நின்றேன் என்று தெரியவில்லை” என்று எழுதியது முழு உண்மை இல்லை.

மார்ச் 23

நிறைய பேர் ஆறுதல் சொன்னீர்கள். நன்றி, போதும். பழைய கதை.

மார்ச் 24

“இதில் அசுரன் எங்கே வந்தான், இது திக்குவாய்க் கதை அல்லவா” என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி, மற்றவர்கள் அவர் மேல் பாய வேண்டாம்.

நானும் அதைத்தான் யோசிக்கிறேன். அசுர வேஷத்தில் எனக்கு ஒதுக்கல் கிடைக்கவில்லை, பாதுகாப்பு கிடைத்தது. வேஷம் விகாரம் என்று எல்லோருக்கும் தெரியும், அதைத் தேர்ந்தெடுத்தது நான், பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றிவிடலாம். அசுரனை வெறுத்தால் அது அசுரனோடு போகும். இப்போது தோன்றுகிறது, எனக்கு மாதிரிப் பல பேர் இந்தப் பாத்திரங்களை எடுப்பதே அதற்காகத்தானோ? வெறுப்பு எப்படியும் வரப்போகிறது, வருவது இந்த முகத்தின் மேல் விழட்டும் என்று ஒரு கணக்கு.

எவர்குவெஸ்ட் என்ற பழைய ஆன்லைன் கேம் காலத்து ஆள் ஒருவர், அதில் வரும் இக்சார் பற்றி எழுதியிருந்தாரே, அது இதற்குப் பொருந்துகிறது. 2000-த்தில் வந்த பல்லி மனிதர்கள், தங்கள் சொந்த நகரத்தைத் தவிர ஏறக்குறைய எங்கே போனாலும் காவலர்கள் பார்த்ததும் கொன்றுவிடுவார்கள். அப்படி இருந்தும் அதை எடுத்து ஆடியவர்களுக்குள் ஒரு தனி ஒட்டுறவு இருந்தது, ஒருவரையொருவர் பார்த்தால் நின்று உதவுவார்கள் என்று சொன்னீர்கள். நம்புகிறேன். வேஷத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் சேர்ந்துகொள்ள முடிகிறது, பச்சைத் தோல் தூரத்திலேயே தெரிகிறது. திக்குவாய் தெரிய மாட்டேன் என்கிறது. அந்த இருபது பேரில் இன்னொருவருக்கும் இருந்திருக்கலாம், அவர் மைக்கையே திறக்காமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 2

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, எனக்குப் பெருமை தராத ஒன்று.

பல வருடம் கழித்து நானே ஒரு சின்னக் குழுவை நடத்தினேன். அதில் ஒரு பெண், நன்றாக ஆடுவார். அவர் மைக் திறந்தாலே பின்னால் மின்விசிறி இரைச்சல், குழந்தை அழுகை, பாத்திரம் விழும் சத்தம். ஒரு இரவு எரிச்சலில் என் பக்கத்தில் மட்டும் அவரை ம்யூட் செய்தேன். மற்றவர்களுக்குக் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. அந்தச் சண்டை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான்.

மறந்துவிட்டேன். மூன்று மாதம். அவர் அமைதியான ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவை வேறொருவரிடம் “அவங்க அதிகம் பேச மாட்டாங்க” என்றுகூடச் சொன்னேன், அந்த ஆள் ஏதோ மாதிரிப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் அந்தப் பெண் எழுத்தில் கேட்டார்: “நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா, இல்லை வேண்டுமென்றே பதில் சொல்வதில்லையா?”

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அந்தப் “பரவாயில்லை” எனக்கு நன்றாகத் தெரிந்த பரவாயில்லை. இரண்டு வாரத்தில் விலகிவிட்டார்.

அதனால், ஆப்லிவியனில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று என்னிடம் கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமே நினைத்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 3

“ம்யூட் பொத்தான் வில்லனா” என்று தனிச் சண்டை தொடங்கிவிட்டது. இல்லை. வாய்க்கு வந்ததைத் திட்டுகிறவர்களை ம்யூட் செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம். டெட் பை டேலைட் மாதிரி நால்வருக்கு ஒரு கொலைகாரன் என்று ஆடும் கேம்களில் அரக்கனாக ஆடியவர்களுக்கு, ஆட்டம் முடிந்ததும் சாட்டில் வரும் வசவு தெரியும். அதைத் தாங்கிக்கொண்டு ஞானம் பெறச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20

இந்த இழையால் வந்த வினை: ஆப்லிவியனைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். குகையில் கடி வாங்கி, இந்தத் தடவை தெரிந்தே, முழுப் பசியில் ஊருக்குள் போனேன். அதே சுருங்கிய முகம், அதே மறுப்பு. பத்து நிமிடமெல்லாம் நிற்கவில்லை, அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். வளர்ச்சியா மரத்துப்போனதா, தெரியாது.

குணமாகும் வழியைத் தேடினேன். மெலிசாண்ட் என்று ஒரு சூனியக்காரி இருக்கிறாள், மருந்து செய்து தருவாள், ஆனால் முதலில் காலியாக இருக்கும் பெரிய ஆத்மக் கற்கள் 5 கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கல்லைக் கடையில் வாங்கலாம், கடைக்காரர் என்னோடு பேச வேண்டுமே? அவர் பேச வேண்டுமென்றால் என் முகம் தெளிய வேண்டும், முகம் தெளிய வேண்டுமென்றால் யாராவது தூங்கும்போது போய் ரத்தம் குடிக்க வேண்டும். காட்டேரித்தனம் போக, முதலில் ஒழுங்காகக் காட்டேரியாக இருக்க வேண்டும். இதை எழுதியவர் யாரோ, அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று கல் சேர்ந்திருக்கிறது. மீதி இரண்டுக்கு இன்றிரவு யாராவது சீக்கிரம் தூங்கினால் நல்லது.